வெள்ளிக்கிழமை கிளம்பாத வண்டி

பழைய கார் வாங்காதீர்கள் என்று நான் யாருக்கும் புத்தி சொல்லப் போவதில்லை. தாராளமாக வாங்குங்கள். வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு விமானம் ஏறிப் போய்விடாதீர்கள், அவ்வளவுதான். எங்கள் அப்பா அதைத்தான் செய்தார். கார் திருக்கழுக்குன்றத்தில், அவர் மஸ்கட்டில். நடுவில் ஒரு கடல். அந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் ஆறு மாதம் இந்தக் கரையில் நின்ற காரோடு மல்லுக்கட்டினார் என்றால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். அப்பாவை வளைகுடாவுக்குக் கொடுத்துவிட்டு இங்கே வளர்ந்த என் வயதுக்காரர்களே, உங்களுக்கு அவ்வளவாக வராது. உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத லீவில் வருவார். முதல் வாரம் எனக்கு அவரிடம் கூச்சமாக இருக்கும். கூச்சம் போய் மடியில் ஏறும் சமயம் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார். அந்த வருஷக் கார்த்திகை லீவில்தான் கார் வந்தது.

தேடிப் பிடித்தது பெரியப்பா, அப்பாவின் அண்ணன். கோயில் ஆபீஸில் வேலை. ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் குறைவு, எங்கள் வீட்டில் அறவே கிடையாது. "செங்கல்பட்டுல ஒரு டாக்டர் ஓட்டின வண்டிடா. பூ மாதிரி வச்சிருந்தாரு" என்றார். செங்கல்பட்டில் விலைக்கு வரும் பழைய கார் எல்லாமே டாக்டர் ஓட்டியதுதான். வாத்தியார் ஓட்டிய காரும் அரிசி மண்டிக்காரர் ஓட்டிய காரும் எங்கே போகின்றனவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கம்பெனிப் பெயர் வேண்டாம், செத்த வண்டியைத் திட்டி என்ன ஆகப்போகிறது. பால்கோவா நிறம். உள்ளே வெயிலில் வெந்த ரெக்ஸின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து அடிக்கும். பின்சீட்டில் ஒரு கிழிசல், அதில் விரலை விட்டுத் தேங்காய் நாரைப் பிடுங்குவது என் வேலை.

அப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஊரோடு வந்துவிடுவது. வண்டிக்கு டூரிஸ்ட் பர்மிட் வாங்கி, மகாபலிபுரத்துக்கு வருகிறவர்களைக் கழுகு பார்க்க மலைக்கு அழைத்து வருவது, கல்பாக்கத்து ஆபீஸ் குடும்பங்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் விடுவது. ஆனால் பழைய வண்டியை நம்பி வேலையை விட முடியுமா? ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கடிதம் எழுதமாட்டார், பேசுவார். கேசட்டில் பேசிப் பதிந்து, லீவில் வரும் யாரிடமாவது கொடுத்துவிடுவார். தை மாதம் வந்த கேசட்டை நானும் அம்மாவும் டேப் ரிக்கார்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டோம். பின்னால் ஏசி மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும். அதுதான் மஸ்கட்டின் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

"பாப்பா, நல்லா கேட்டுக்கோ. ஆனி மாசம் எங்க கம்பெனில புது காண்ட்ராக்ட் பேப்பர் குடுப்பாங்க. அதுக்குள்ள வண்டி நம்பிக்கையா ஓடுதுன்னு தெரிஞ்சா அப்பா அதுல கையெழுத்து போடமாட்டேன். வந்துடுவேன். அதனால வண்டிய நீதான் பாத்துக்கணும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பூஜ போடணும். நீ மகாலட்சுமி, உன் கையால மஞ்சத்தண்ணி விடணும். பானட்டத் தொறந்து இன்ஜினுக்கும் விடு, என்னா? அதுதானே அதுக்கு உசுரு."

பத்து வயதுப் பெண்ணிடம் இப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அப்பா வருவதும் வராததும் என் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கேசட்டின் மேல் பின்னாளில் யாரோ சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டார்கள். எவ்வளவு தேடியும் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு சங்கு தீர்த்தக் குளத்துக்குப் போவேன். குளத்துத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வருவேன். பெரியப்பா பானட்டைத் திறந்து பிடித்துக்கொள்வார். ஆரம்பத்தில் மாவிலையால்தான் தெளித்தேன். பிறகு சந்தனம், குங்குமம், கற்பூரம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். எல்லாம் முடிந்து பானட்டை மூடினால் அதை யாரும் தொடக்கூடாது. பூஜை போட்ட இன்ஜினில் பகல் பன்னிரண்டுக்கு ராகு காலம் கழிகிறவரை கை படக்கூடாது என்பது பெரியப்பா போட்ட சட்டம். குறிப்பாக டிரைவர் கை.

டிரைவர் அண்ணன் கடப்பாக்கத்துக்காரர். மீன்பிடிக்கிற வீட்டுப் பையன், கடலுக்குப் போகாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர். ஏறினால் பேச்சு, இறங்கினால் பேச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வெள்ளி காலை ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்குவார். அதற்குள் பூஜை முடிந்திருக்கும்.

காலை பத்து மணிக்கு அப்பாவின் போன் வரும். அதற்காக வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். அவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு, அது வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் போன் கிடையாது, நாலு வீடு தள்ளி எஸ்.டி.டி. பூத். அப்பாவுக்கு வண்டி ஓடுகிறது என்று சொன்னால் போதாது, சத்தம் கேட்கவேண்டும். "பூத்து வாசல்ல வச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. நான் காதால கேக்கறேன்" என்பார். இன்ஜின் சத்தத்தை வைத்தே வண்டியின் உடம்பைச் சொல்லிவிடுவாராம்.

முதல் வெள்ளி அண்ணன் சாவியைத் திருகினார். க்ரர் க்ரர் க்ரர் என்று இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். மறுபடி க்ரர். அம்மா பூத்துக்குள்ளிருந்து போன் ரிசீவரைத் தெருப்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒயர் இழுபட்டு மேஜை மேல் இருந்த போன் நகர்ந்தது. பூத்துக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"இன்னா இது பேஜாரா கீது" என்று அண்ணன் இறங்கி பானட்டுப் பக்கம் போனார்.

"கைய எடு!" என்று பெரியப்பா கத்தினார். "பூஜ போட்டிருக்கு."

அன்று பன்னிரண்டு மணி தாண்டி, வெயில் ஏறியபிறகு, அதே சாவிக்கு அதே வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. சனிக்கிழமை கிளம்பியது. ஞாயிறு, திங்கள், எல்லா நாளும் கிளம்பியது. செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தால், மாமியார் வந்த வீட்டு மருமகள் மாதிரி அவ்வளவு பணிவாக ஓடிக் காட்டியது. அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, "வண்டில ஒண்ணும் இல்லீங்களே" என்று எங்களைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளி மறுபடி க்ரர்.

அம்மா தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தாள். "மத்த நாளெல்லாம் நல்லாதாங்க ஓடுது. நேத்துகூட திருப்போரூர் போய்ட்டு வந்தோம்."

அப்பாவின் குரல் ரிசீவரை விட்டு வெளியே, எனக்கே கேட்டது. "நான் கேக்கும்போது ஓடல இல்ல? டூரிஸ்ட்டுகிட்ட போய் நேத்து ஓடுச்சு சார்னு சொல்ல முடியுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. ஆறு மாதத்தில் அந்த வண்டியைப் பற்றி அப்பா காதால் கேட்டது வெள்ளிக்கிழமைகளை மட்டும்தான்.

ஓடிய நாட்களையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அந்த வண்டிக்குத் துரோகம். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்களை மகாபலிபுரம் அழைத்துப் போனார். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். பெரியப்பா பார்த்திருந்தால் நடந்திருக்காது. கடல் தெரிய ஆரம்பித்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டாள். கொண்டையிலிருந்து பூ பறந்து என் மடியில் விழுந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எப்டி கீது யக்கா வண்டி? தங்கம் யக்கா இது. அண்ணாத்த வந்து ஒக்காந்து ஓட்டிப் பாத்தாருன்னா திரும்ப பிளேன் ஏறமாட்டாரு, பாத்துகினே இரு" என்றார் அண்ணன்.

கற்சிற்பக் கடைகளின் உளிச் சத்தத்துக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு நாங்கள் சுண்டல் வாங்கித் தின்றோம். திரும்பும்போது நான் சூடான பானட்டின் மேல் கையை வைத்து, "வெள்ளிக்கிழமை மட்டும் ஓடிடு, ப்ளீஸ்" என்று கேட்டுக்கொண்டேன். அது வேண்டுதல் இல்லை, கெஞ்சல்.

கெஞ்சினால் மட்டும் போதாதே. மாவிலையால் தெளிப்பது சாமிக்குப் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. சித்திரையில் சொம்பால் ஊற்ற ஆரம்பித்தேன். வைகாசியில் பெரியப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி நோய்க்குப் பெயர் கண்டுபிடித்தார். ராகு காலம் முடிந்ததும் வண்டி கிளம்புகிறது என்றால் வண்டியைப் பிடித்திருப்பது ராகு. எவ்வளவு சுலபம் பாருங்கள்! படித்த மனுஷர், இருபது வருஷம் ஃபைல் பார்த்தவர். பரிகாரம் தீர்த்தத்தைக் கூட்டுவது. சொம்பு போய்க் குடம் வந்தது. என் இடுப்புக்கு அந்தக் குடம் கனம். வழியெல்லாம் தளும்பிப் பாவாடை நனையும். கால் வலித்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வலித்தால்தான் பலிக்கும் என்று நினைத்தேன்.

அப்பாவும் அங்கே சும்மா இல்லை. கேசட்டுக்கு மேல் கேசட்டாகப் புத்தி வந்தது. பேட்டரியை மாற்று. பெட்ரோலில் கலப்படம், பங்க்கை மாற்று. வண்டியைக் கிழக்கு பார்த்து நிறுத்து. நாங்கள் எல்லாம் செய்தோம். புது பேட்டரி போட்டதில் க்ரர் சத்தம் இன்னும் கணீரென்று மஸ்கட்டுக்குக் கேட்டது.

கடைசியில் எல்லோருடைய பார்வையும் டிரைவர் அண்ணன் மேல் திரும்பியது. வியாழக்கிழமை போகும்போது எதையோ கழற்றிவைத்துவிட்டுப் போகிறான், வெள்ளி பகலில் ஓய்வெடுக்க இந்தத் தந்திரம் என்று பெரியப்பா சொன்னார். அம்மா நம்பவில்லை. ஆனால் அவர் எதிரே அம்மா பேசியதே கிடையாது.

ஆனி மாதத்து முதல் வெள்ளி வந்தது. மறுநாள் பேப்பரில் கையெழுத்துப் போடவேண்டும், அல்லது மாட்டேன் என்று சொல்லவேண்டும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அன்று விடியற்காலையில் இரண்டு குடம் கொண்டுவந்தேன். முழுவதையும் இன்ஜின் மேல் ஊற்றினேன். ஒரு பொந்து, ஒரு இடுக்கு விடவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் பூத்து வாசலில் நிறுத்தினார்கள். போன் அடித்தது. அம்மா ரிசீவரை நீட்டினாள். அண்ணன் சாவியைத் திருகினார். க்ரர் க்ரர் க்ரர். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஏழெட்டு முறை ஆனபிறகு சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தபோது அண்ணன் தரையில் மண்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கீழ மஞ்சளா சொட்டிகினு கீது சார். உள்ள தண்ணி பூந்துடுச்சு. பிளக்குக்குக் கரண்ட்டு பிரிச்சுக் குடுக்குற மூடி நனைஞ்சா வண்டி எப்டி எடுக்கும்? ஒரு துணி குடுங்க சார், அது போதும். தொடச்சு அஞ்சே நிமிஷத்துல எடுத்துக் காட்டறேன்."

"எதுடா தண்ணி?" பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "சங்கு தீர்த்தம்டா அது! தீர்த்தம் பட்டு ஒரு பொருள் கெட்டுப்போகுமா? நீ பண்ற திருட்டுத்தனத்துக்குச் சாமி மேலயே பழி போடறியா?"

"சார், எனக்கும் சாமி கீது சார். பானட்ட மட்டும் தொறங்க…"

பெரியப்பா அம்மா கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினார். டிரைவர் தீர்த்தத்தைக் குறை சொல்கிறான் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்டது. "அவன அனுப்பிடுங்கண்ணே." பிறகு, "வண்டி சரிப்படாது. நான் கையெழுத்து போட்டுடறேன்."

அம்மா பூத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு யார் மேல் கோபம் வந்தது தெரியுமா? டிரைவர் அண்ணன் மேல். என் தீர்த்தத்தைத் தண்ணீர் என்று சொன்னாரே, அதற்கு.

பன்னிரண்டரைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தார். சாவியைக் கொடுக்க வந்தவர் வண்டியில் ஏறி ஒருமுறை திருகினார். கிளம்பியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார். சாவியை அம்மா கையில் வைத்துவிட்டு, "வரேன் யக்கா" என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அம்மா சாவியை எடுத்துக்கொண்டு பூத்துக்கு ஓடினாள். அப்பா தங்கியிருந்த கேம்ப்பில் நூறு பேருக்கு ஒரே போன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்த வெள்ளி அப்பா கூப்பிட்டபோது கையெழுத்துப் போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது.

அதன்பிறகு வண்டி எங்கள் வாசலில் மூன்று மழைக்காலம் நின்று, கோழி முட்டையிடும் இடமாகி, ஒருநாள் லாரியில் ஏறிப் போனது. அப்பா அந்தக் கையெழுத்துக்குப் பின் இன்னும் சில கையெழுத்துகள் போட்டார். மொத்தம் பதினோரு வருஷம். என் கல்யாணத்துக்கு வந்தவர்தான் ஊரோடு வந்தார். அந்த மாதமே நான் கணவருடன் ஷார்ஜாவுக்குக் கிளம்பினேன்.

ஷார்ஜாவில் நாலு வருஷம் கழித்து நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். வேலைக்குப் போய்வர. முதல் வெள்ளிக்கிழமை கை சும்மா இருக்கவில்லை. பிளாட்டுக்குக் கீழே பார்க்கிங்கில் பானட்டைத் திறந்து, ஒரு பாட்டில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, யாரும் பார்க்காமல் ஒரு கற்பூரம் கொளுத்தினேன். சாவியைத் திருகினேன். க்ரர் க்ரர் க்ரர்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

வந்த மெக்கானிக் மலையாளத்துப் பையன். பானட்டைத் திறந்தான், உள்ளே ஒரு கறுப்பு மூடியைக் கழற்றினான், தோளில் கிடந்த துணியால் துடைத்தான், மாட்டினான். வண்டி கிளம்பியது. "சேச்சி, இதுக்குள்ள தண்ணி ஊத்தினது யாரு?" என்று கேட்டான். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். பாவம், பயந்துபோய்விட்டான்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, இப்போது நான்தான் கூப்பிடுகிறவள். அவர் எடுத்ததும், "வண்டி ஸ்டார்ட் ஆச்சா?" என்றார். புதிதாக வாங்கிய வண்டியாயிற்றே, கேட்கமாட்டாரா.

"மொதல்ல ஆகலப்பா. அப்புறம் ஆயிடுச்சு."

"என்னா கோளாறாம்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. "பூஜ போட்டேன்ப்பா. மஞ்சத்தண்ணி மூடிக்குள்ள எறங்கிடுச்சு. தொடச்சான், எடுத்துடுச்சு."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"தொடைக்க எவ்ளோ நேரம் ஆச்சு?"

"அஞ்சு நிமிஷம்கூட ஆகலப்பா."

டிவி சத்தம் நின்றது. அப்புறம், "அம்மாகிட்ட சொல்லாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளி கூப்பிட்டபோது அம்மா எடுத்தாள். "அப்பா இல்லடி. விடிஞ்சதும் மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டாரு. கடப்பாக்கமாம். நம்மகிட்ட வண்டி ஓட்டினானே ஒரு பையன், அவனப் பாக்கணுமாம். பதினஞ்சு வருஷம் ஆச்சு, அவன் அங்க கீறானோ இல்லையோ. பீரோல இருந்த புது வேட்டியும் துண்டும் எடுத்துப் பையில வச்சுகினாரு. ராகு காலத்துக்கு முன்ன போய்ச் சேருங்கன்னேன், காதுல வாங்கவே இல்ல. இந்த வெயில்ல எதுக்குடி போறாரு? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலம்மா" என்றேன்.